எமரால்டில் இருந்தபடி ஸ்பிதியின் பனி: இரண்டு இலவசச் செயற்கைக்கோள் தளங்கள், இரண்டு குளிர்காலம்

என் மகன் இமாசலத்தில், கின்னௌர் மாவட்டத்தில், சட்லெஜ் கரையில் ஒரு நீர்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறான். நான் இங்கே நீலகிரியில், எமரால்டில். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். 2023 டிசம்பர் கடைசியில் ஒரு நாள் போனில், "அப்பா, இந்த வருஷம் மேலே பனியே விழலைப்பா, மலையெல்லாம் மொட்டையா நிக்குது" என்றான். குரலில் கவலை தெரிந்தது. பனி இல்லாவிட்டால் நல்லதுதானே, ரோடு அடைக்காது, குளிரும் குறையுமே என்றேன். "அப்படி இல்லப்பா. உங்களுக்கு எமரால்டு டேம் எப்படியோ, எங்களுக்கு அந்தப் பனி அப்படி" என்றான்.

நான் மின்வாரியத்தில் 31 வருடம் இருந்தவன். பெரும்பாலும் குந்தா பக்கத்து அணைகள். நீர்மட்டம் எழுதுவது, காலை 8.30க்கு மழைமானியைத் திறந்து அளவு ஜாடியில் ஊற்றி மில்லிமீட்டர் குறிப்பது, மதகு திறந்தால் நேரத்தோடு பதிவது. அதனால் மகன் சொன்னது எனக்கு உடனே உறைத்தது. நம் ஊரில் ஜூன், ஜூலையில் மழை பெய்து, அணையில் நின்று, அப்புறம் மாதக்கணக்கில் மின்சாரமாகிறது. அங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை விழும் பனி மலைமேலேயே நின்று, ஏப்ரலுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றில் இறங்குகிறது. சட்லெஜில் கட்டிய பக்ரா அணைக்கு வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் பனியும் பனியாறும் உருகி வருவதுதான். சுவரும் கிடையாது, மதகும் கிடையாது, பக்கவாட்டில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோலும் கிடையாது. அப்படியானால் அந்த அணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? இந்தக் கேள்வியோடுதான் தேட ஆரம்பித்தேன்.

இரண்டு குளிர்காலமாக நான் பயன்படுத்துவது இரண்டு தளங்கள். அமெரிக்காவின் நாசா நடத்தும் வேர்ல்ட்வியூ ஒன்று. ஐரோப்பியர்களின் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இன்னொன்று. இரண்டுக்கும் பணம் கிடையாது. என்னைப் போல வீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வேர்ல்ட்வியூ. பெயர் பதிய வேண்டாம், திறந்தால் உடனே உலகப் படம் வந்துவிடும். கீழே ஒரு தேதிக் கோடு இருக்கும். அதை இழுத்தால் நேற்று, போன வாரம், போன வருடம் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். டெர்ரா என்ற செயற்கைக்கோள் 1999 டிசம்பரில் ஏவப்பட்டது, அதிலுள்ள மோடிஸ் கருவியின் படங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. கால் நூற்றாண்டுக் குளிர்காலம் முழுவதும் ஒரே கோட்டில் இருக்கிறது. லெட்ஜர் எழுதியே காலம் கழித்த எனக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்று புரிகிறது. எங்கள் ஆபீசில் 25 வருடத்துப் பழைய பதிவேட்டை எடுக்க வேண்டுமென்றால் அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்பதிலேயே ஒரு நாள் போய்விடும்.

இதில் சாதாரண வண்ணப் படத்தை நம்ப வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை. சாதாரணப் படத்தில் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. முதல் வாரம் முழுக்க மேகத்தைப் பனி என்று நினைத்து மகனுக்குப் போன் போட்டு, "கூன்சம் கணவாய் பக்கம் நல்லா விழுந்திருக்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அடுக்குகள் பட்டியலில் 3-6-7 என்ற பட்டைகளை, அதாவது கருவி தனித்தனியாகப் பதியும் ஒளி வகைகளில் மூன்றை, சேர்த்த படம் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். அதைப் போட்டதும் மலையே வேறாகிவிட்டது. பனி கிடந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. தாழ்வான மேகம் வெள்ளையாகவே நின்றது. வெறும் நிலம் பச்சையும் நீலமும் கலந்த நிறம்.

அதில் 2024 ஜனவரி மூன்றாம் வாரத்தையும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒப்பிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. நடுவிலுள்ள கோட்டை இழுத்தால் இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் ஒரு தேதி. ஜனவரியில் சிவப்பு உயரமான முகடுகளோடு நின்றிருந்தது. அந்த மாதம் காஷ்மீரில் குல்மார்க்கிலேயே புல் தெரிந்தது என்று பத்திரிகைகளில் படம் வந்ததே, அதே நாட்கள். மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து மேற்கத்தியக் காற்றோடு வரவேண்டிய ஈரம் மாதக் கடைசி வரை சரியாக வரவேயில்லை. பிப்ரவரிப் படத்தில் சிவப்பு பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கி, மலையின் விலாவெலும்பெல்லாம் மறைந்துபோயிருந்தது. கோட்டை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, "என்னங்க, மலைக்குக் காய்ச்சலா?" என்றாள். பனிதான் அது, பையனுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். அவளும் உட்கார்ந்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

வேர்ல்ட்வியூவின் பலம் தினமும் படம் வருவது. செயற்கைக்கோள் கடந்துபோன சில மணி நேரத்தில் தளத்தில் ஏறிவிடும். பலவீனம் அதன் கண். பனிப்பரப்பு அடுக்கில் ஒரு கட்டம் 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதாவது ஏறக்குறைய 62 ஏக்கர். எமரால்டிலிருந்து லாரன்ஸ் பக்கம் போகும்போது இருபுறமும் தெரியும் கேரட் தோட்டம், வீடு, சர்ச், தேயிலை எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரு ஆற்றுப் படுகை முழுவதையும் பார்க்க இது போதும். ஒரு ஓடை, ஒரு சரிவு என்றால் போதாது.

அதற்குத்தான் கோப்பர்நிக்கஸ் பிரவுசர். சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படம். முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டவை. ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கும். பனியைப் பிரித்துக் காட்டும் பட்டையில் ஒரு கட்டம் 20 மீட்டர், நம் கணக்கில் பத்து சென்ட். அதில் சித்குல் கிராமத்துக்கு மேலே பாஸ்பா ஆற்றின் சரிவுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெயில் படும் சரிவில் பனி விலகியிருப்பதும், எதிர்ச் சரிவில் அப்படியே கிடப்பதும் தனித்தனியாகத் தெரிகிறது. மகன் இருக்கும் இடத்துக்கு இரண்டு ஆறுகள் முக்கியம். ஒன்று இந்த பாஸ்பா. கர்ச்சாமில் சட்லெஜில் சேரும். இன்னொன்று காப் என்ற இடத்தில் சேரும் ஸ்பிதி. இரண்டு படுகைகளையும் வரைந்து சேமித்து வைத்துவிட்டேன். மேக அளவை 20 சதவீதத்துக்குக் கீழே வைத்துத் தேடினால் உபயோகமான தேதிகள் மட்டும் வந்து நிற்கும்.

இங்கே பனிச் சுட்டெண் என்று ஒரு அடுக்கு உண்டு. அதன் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும், எனக்குப் போனது. புதுப்பனி பச்சை ஒளியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத சிற்றலை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கு பச்சையில் 0.8, அகச்சிவப்பில் 0.1 என்று வையுங்கள். 0.7ஐ 0.9ஆல் வகுத்தால் 0.78. பனி. மேகம் இரண்டையும் திருப்பி அனுப்பும். 0.7, 0.6 என்றால் 0.08தான் வரும். 0.4ஐ ஒட்டி ஒரு கோடு போட்டு, அதற்கு மேலிருந்தால் பனி என்று பிரவுசர் பளிச்சென்ற நீலம் பூசிவிடுகிறது.

சரி, கணக்கு புரிந்துவிட்டது என்று, அதே அடுக்கை என் ஊரின்மேல் போட்டுப் பார்த்தேன். எமரால்டு அணை முழுக்க நீலம்! பக்கத்தில் அவலாஞ்சி அணையும் நீலம். அப்பர் பவானியும் நீலம். நெஞ்சு திக்கென்றது. நீலகிரியில் பனிச்சரிவு என்று பொருள்படும் பெயர் கொண்ட இடம் அவலாஞ்சி. அந்தப் பெயரும் 1820களில் நடந்த ஒரு நிலச்சரிவால் வந்தது, பனியால் அல்ல. அங்கே பனி எங்கிருந்து வரும்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தபின் மறுபடி காகிதத்தை எடுத்தேன். தெளிந்த தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சமாகத்தான் திருப்பும், 0.06 என்று வைத்துக்கொள்ளலாம். அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுவதும் குடித்துவிடும், 0.01. கழித்து வகுத்தால் 0.71. பனியைப் போலவே! கணக்கு தப்பில்லை, தண்ணீரும் அந்த விதிக்குள் வந்து விழுகிறது, அவ்வளவுதான். இதைத் தடுக்க மோடிஸ் கணக்கில் இன்னொரு நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள். அண்மை அகச்சிவப்பில் 0.11க்கு மேல் பிரகாசம் இருந்தால்தான் பனி. பனி அதில் பளபளக்கும், தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். பிரவுசரில் சொந்தமாக விதி எழுதும் பெட்டி ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, ஒரு 'அண்ட்' சேர்த்தா போதும்" என்று ஒரே வரியில் சேர்த்துக் கொடுத்தாள். எமரால்டு மறுபடி தண்ணீரானது.

இந்த நீலப் படத்தை ஸ்பிதியிலேயே முதலில் பார்த்திருந்தால் எங்காவது ஒரு ஏரியைப் பனிக் கணக்கில் சேர்த்திருப்பேன். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்களுக்குக் காலடி மண் தெரிந்த இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எங்கள் தெருவில் கேரட் போடும் தம்பி ஒருவர் ஒரு நாள் கேட்டார். "அண்ணே, நாளைக்கு உறைபனி விழுமான்னு உங்க சேட்டிலைட்டுல தெரியுமா?" தெரியாது. இங்கே நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகி, ஒரே இரவில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். ஆனால் அது விடிகாலையில் புல்மேல் உப்புத் தூவியதுபோல் படிந்து, வெயில் ஏறியதும் போய்விடுகிறது. சென்டினல் கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். ஜனவரியில் தலைகுந்தாவில் வெள்ளையாகக் கிடந்த ஒரு நாளின் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒரு சுவடும் இல்லை. நம் தோட்டத்துக்கு இந்தத் தளங்களால் பயனில்லை என்று அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். வழக்கம்போல நாற்றை மூடிவையுங்கள், விடியற்காலையில் தண்ணீர் அடியுங்கள் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

இப்போது பெரிய குறை. இரண்டு தளமும் பனியின் பரப்பைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. அணையில் நீர்மட்டம் எழுதியவனுக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் அரை அடிப் பனியும் ஆறு அடிப் பனியும் ஒரே சிவப்பு, ஒரே நீலம். அணைப் படத்தில் தண்ணீர் பரவியிருப்பதைப் பார்த்து எத்தனை அடி நிற்கிறது என்று சொல்ல முடியுமா? கரையின் சரிவு தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். பனியில் அதுவும் முடியாது. அதோடு பனியின் கனமும் மாறும். இப்போதுதான் விழுந்த பஞ்சுப் பனி பத்து சென்டிமீட்டர் இருந்தால் உருகினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். மார்ச்சில் அமுங்கி இறுகிய பனி அதே ஆழத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் கொடுக்கும். மகன் இருக்கும் பக்கம் இதை அளக்கக் குழாயைப் பனியில் செருகி எடுத்து எடைபோடுவார்களாம். அந்த முறையைக் கேட்டபோது என் மழைமானி ஜாடி ஞாபகம் வந்தது. எவ்வளவு படம் வந்தாலும் ஒரு மனிதர் காலையில் எழுந்து போய் அளக்க வேண்டியிருக்கிறது.

பரப்பு மட்டும் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. 1975இல் மார்ட்டினெக் என்பவர் உருவாக்கிய பனி உருகல் கணக்கு இன்றும் மலை ஆறுகளில் பயன்படுகிறது. அதற்குத் தினமும் மூன்று விவரம் வேண்டும். வெப்பநிலை, மழை, படுகையில் பனி மூடிய பங்கு. முதல் இரண்டும் நிலையத்தில் கிடைக்கும். ஆளே போக முடியாத முகடுகளில் மூன்றாவதைத் தருவது செயற்கைக்கோள்தான். நான் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒவ்வொரு வருடமும் அதே வாரத்தைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் சிவப்பு எதுவரை, மே முதல் வாரத்தில் எதுவரை. நோட்டில் வருடத்துக்கு ஒரு வரி. ஒரு வருடத்தின் படத்தைத் தனியாகப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். இந்தத் தளங்களின் அருமையே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான். 2025 ஏப்ரலில் காத்மாண்டுவில் உள்ள இசிமோட் நிறுவனம், இந்துகுஷ் இமயமலையில் அந்தக் குளிர்காலப் பனி வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவாக நின்றது, 23 வருடத்தில் இதுதான் மிகக் குறைவு என்று அறிவித்தது. அதுவும் இதே மாதிரி வருடத்தோடு வருடம் வைத்துப் பார்த்துச் சொன்னதுதான்.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேகம் மூடினால் படம் இல்லை. பனி விழும் நாளில்தான் மேகமும் மூடும் என்பதால் விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. டிசம்பரில் சூரியன் தாழ்வாக இருப்பதால் வடக்குச் சரிவுகள் நிழலில் கறுத்துக் கிடக்கும். தேவதாரு காட்டுக்கு அடியில் கிடக்கும் பனி கண்ணுக்குப் படாது. நிழலையும் மேகத்தையும் தாண்டிப் பார்க்க அதே பிரவுசரில் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது. பனி ஈரமாகி உருகத் தொடங்கியதும் ரேடாரில் அந்த இடம் கறுக்கும். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நம் இஸ்ரோவின் புவன் தளத்தையும் சொல்லியாக வேண்டும். 2009இல் ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் தொடங்கியது. ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் அவிஃப்ஸ் கருவி 56 மீட்டர் கட்டத்தில், முக்கால் ஏக்கர் அளவில், ஐந்து நாளுக்கு ஒருமுறை இமயமலையைப் பார்க்கிறது. தினமும் மோடிஸ், துல்லியத்துக்குச் சென்டினல் என்று பழகிவிட்டதால் நான் அதை அடிக்கடி திறப்பதில்லை. ஆனால் நம் ஆட்கள் இந்த வேலையைச் சென்டினல் வருவதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். 2004இல் திபெத்தில் ஸ்பிதியின் துணையாறான பரேச்சுவில் நிலச்சரிவு விழுந்து ஏரி கட்டிக்கொண்டது. போய்ப் பார்க்க வழியில்லாத இடம். மேலிருந்தே படம் எடுத்து எடுத்து ஏரி பெருகுவதைக் கவனித்தார்கள். 2005 ஜூன் 26 அன்று உடைந்தது. சட்லெஜில் பாலங்களும் சாலைகளும் போயின. முன்பே எச்சரித்து ஆட்களை மேட்டுக்கு ஏற்றியிருந்ததால் உயிர்கள் தப்பின. என் மகன் இன்று நிற்கும் கரை அது. இந்தத் தளங்களை நான் வெறும் பொழுதுபோக்காகப் பார்க்காததற்கு இதுவும் காரணம்.

ஒரு வேண்டாத செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எதுவும் புரியாமல் கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். வேர்ல்ட்வியூவைத் திறப்பதையும் பெரிதாக்குவதையும் மட்டும் காட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பனிக்கும் மேகத்துக்கும் வித்தியாசம் எப்படி என்று கேட்டதற்கு, அது அடுத்த கட்ட வகுப்பு, இன்னும் 7,000 ஆகும் என்றார்கள். அந்த வித்தியாசம் மேலே நான் எழுதிய ஒரு பத்தியில் இருக்கிறது. காசு கட்டாதீர்கள்.

மதிப்பெண் கேட்டால், வேர்ல்ட்வியூவுக்கு ஐந்துக்கு நாலரை. கோப்பர்நிக்கஸ் பிரவுசருக்கு நாலு. அரை மதிப்பெண் வித்தியாசம் ஏனென்றால், இதில் இலவசமாகப் பெயர் பதிந்துகொண்டால்தான் வரைந்ததைச் சேமிக்க முடியும், அப்புறம் கைப்பேசித் திரையில் பொத்தான்கள் மிகச் சிறியவை. வயதானவர்கள் கணினியில் பாருங்கள். இரண்டிலுமே தமிழ் இல்லை. மலை ஆற்றை நம்பியிருக்கும் ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் இதைப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன். எங்கள் பக்கம் மழை பிடித்தால் நெட் நின்றுவிடும். அதனால் வெயில் உள்ள காலையிலேயே அந்த வாரப் படங்களை இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேர்ல்ட்வியூவில் 3-6-7 அடுக்கைப் போட்டு, கடந்த வருடத்தின் பிப்ரவரியையும் மே மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். ஸ்பிதியைத் தேட, அங்குள்ள காசா ஊரின் பெயரை ஆங்கிலத்தில் Kaza என்று தட்டச்சு செய்தால் நேராக அங்கே போய் நிற்கும். பள்ளத்தாக்கின் நடுவில் நூல்போல ஓடுவதுதான் ஆறு.